திரும்பி வந்தவரின் மேடை

1

பனி மூடிய ஒரு கரை. கரையில் கறுத்த உருவங்களாகச் சில மனிதர்கள், முதுகு நம் பக்கம். கைகளை உயர்த்தி அசைக்கிறார்கள். எதிரே கடலில் ஒரு சிறு படகு. ஃப்ராங்க் ஹர்லி எடுத்த இந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். தென்துருவப் பயணங்களைப் பற்றிய பேச்சு என்றால் எப்படியும் திரைக்கு வந்துவிடும். யானைத் தீவில் நான்கு மாதங்களாகச் சிக்கிக் கிடந்த 22 பேரை மீட்க ஷாக்கில்டன் கப்பலோடு வந்துசேர்ந்த நாள், 1916 ஆகஸ்ட் 30, என்று சொல்லித்தான் இந்தப் படம் நெடுங்காலம் காட்டப்பட்டது.

உண்மையில் அது ஏப்ரல் 24இல் எடுத்த படம். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு 'ஜேம்ஸ் கெயர்ட்' என்ற படகில் ஷாக்கில்டன் உதவி தேடிக் கிளம்பிய நாள் அது. கரையில் நிற்பவர்கள் வழியனுப்புகிறார்கள். திரும்பி வருவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னால் ஹர்லி அந்தத் தகட்டில் கைவைத்துத் திருத்தினார், பிரிவு மீட்பாகிவிட்டது. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் 'போய் வா'வும் 'வந்துட்டியா'வும் ஒரே கையசைப்புதானே.

மோசடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதைக் கடந்துவிடலாம். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அப்படி ஒரு திருத்தம் அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி. அந்தப் படத்துக்கு ஒரு மேடை காத்திருந்தது என்பதே எனக்குக் கிடைக்கும் பதில்.

அந்த மேடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தொலைதூர இடங்களுக்குப் போய் வந்தவர் ஒரு மாலைப்பொழுதில், இருட்டான அரங்கில், திரையில் படங்களைக் காட்டியபடி 'நான்' என்று ஆரம்பித்துப் பேசுகிறார். மாய விளக்கில் தொடங்கிய இந்த வழக்கம் பிறகு ஸ்லைடுக்கு வந்தது, இப்போது பவர்பாயிண்டிலும் யூடியூபிலும் இருக்கிறது. கருவிகள்தான் மாறியிருக்கின்றன, கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. கிளம்புதல், சோதனை, ஒரு இழப்பு, உச்சி, திரும்புதல், கடைசியில் நமக்கொரு பாடம். சிறுகதையையும் நாவலையும் எப்படி வடிவங்களாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கிறோமோ, அப்படியே இதையும் ஒரு வடிவமாக வைத்துப் பார்க்கலாம்.

இந்த வடிவத்துக்கு ஒரே ஒரு கட்டாய விதிதான். பேசுபவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும். மிச்சம் எல்லாமே அதிலிருந்து பிறப்பவை.

2

முதலில் காசு. சாகசப் பேச்சுகளைப் பற்றிப் பேசும்போது நாம் நாகரிகம் கருதி விட்டுவிடும் விஷயம் இதுதான்.

ஷாக்கில்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் 1914இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பயணத்தின் திரைப்பட உரிமை விற்கப்பட்டிருந்தது. அதாவது, பயணம் தொடங்கும் முன்பே அந்த மாலைப்பொழுது விற்பனையாகிவிட்டது. கப்பல் பனியில் சிக்கி நொறுங்கத் தொடங்கியது. முழுக்க மூழ்கியது 1915 நவம்பர் 21இல். அதற்கு முன்பே ஹர்லி உடைந்த கப்பலுக்குள் உறைகுளிர் நீரில் இறங்கித் தன் படத் தகடுகளை மீட்டிருந்தார். பிறகு அவரும் ஷாக்கில்டனும் பனிப்பாளத்தில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஏறக்குறைய 120ஐ வைத்துக்கொண்டு, 400 போலத் தூக்கிப்போட்டு உடைத்தார்கள். அப்போது அங்கிருந்த ஒவ்வொருவரும் தன்னோடு எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சொந்தப் பொருளின் எடை சுமார் ஒரு கிலோ, அவ்வளவுதான். தச்சர் மெக்நிஷின் பூனையைச் சுட்டுவிட்டார்கள். கண்ணாடித் தகடுகள் கூடவே வந்தன.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தத் தகடுகள் வந்திராவிட்டால் நமக்கு இழப்புதான். பனிக்குள் இரவில் வெளிச்சம் பட்டு எலும்புக்கூடு மாதிரி நிற்கும் அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தபின் மறக்க முடியாது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. சாவின் விளிம்பிலும்கூட ஒரு அரங்கத்தின் எடையைச் சுமந்துகொண்டுதான் அவர்கள் நடந்தார்கள்.

அந்த அரங்கமும் வந்தது. 1919இன் கடைசியில் தொடங்கி 1920இலும் லண்டன் ஃபில்ஹார்மானிக் ஹாலில் ஷாக்கில்டன் ஒரு நாளைக்கு இரண்டு முறை மேடையேறினார். ஹர்லியின் படங்கள் திரையில் ஓட, தான் தோற்ற கதையைத் தானே சொன்னார். கடனை அடைக்க வேண்டுமே. தன் கப்பல் நொறுங்குவதைத் தினம் இரண்டு காட்சி பார்க்க வேண்டியிருந்த மனிதர் என்று நினைத்துப் பார்த்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. 1922இல் இறந்தபோதும் கடன் மிச்சமிருந்தது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, மேடையில் பெரும்பாலும் வராத பக்கம். ஷாக்கில்டனின் திட்டம் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடப்பது. பாதி வழிக்குமேல் தேவைப்படும் உணவை எதிர்க்கரையிலிருந்து வந்து இன்னொரு குழு வழியெங்கும் புதைத்து வைக்க வேண்டும். அது ராஸ் கடல் குழு. தங்கள் கப்பல் புயலில் அடித்துச் செல்லப்பட்ட பிறகும், பற்றாக்குறையோடு, ஸ்கர்வி நோயோடு, அவர்கள் சொன்ன வேலையைச் செய்து முடித்தார்கள். எண்டூரன்ஸ் பனியில் சிக்கி மூழ்கிய செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. ஸ்பென்சர்-ஸ்மித், மாக்கின்டாஷ், ஹேவர்ட் என்று மூன்று பேர் இறந்தார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொல்வதென்றால், யாரும் ஒருபோதும் அழைக்கப்போகாத ஒரு சர்வரை மூன்று பேர் உயிரைக் கொடுத்து ஓட வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஷாக்கில்டன் என்றதும் நாம் கேட்கும் முதல் வாக்கியம், அவர் ஒருவரைக்கூட இழக்கவில்லை என்பதுதான். யானைத் தீவுப் பக்கம் மட்டும் பார்த்தால் சரி. ஷாக்கில்டனே தன் புத்தகத்தில் ராஸ் கடல் குழுவைப் பற்றி விரிவாகச் சேர்த்திருக்கிறார். ஆக அவர் மறைக்கவில்லை. நூற்றாண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில், மேடைக்கு ஒத்துவராத பாதி உதிர்ந்துவிட்டது.

3

இந்த உதிர்தல் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், என் பிழைப்பு நடக்கும் உலகத்தில் சாகச உரை ஒரு நிர்வாகக் கருவியாகிவிட்டது. ஷாக்கில்டனைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாக ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஐடி கம்பெனிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மலையேறியவர் ஒருவர் வருவார். ப்ராஜெக்ட் டெட்லைனும் எவரெஸ்ட்டும் ஒன்றே என்று நமக்கு விளக்கப்படும்.

அப்படியொரு கூட்டம். பேச வந்தவர் நல்லவர், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினார். கடைசி ஸ்லைடு உச்சியில் எடுத்த படம். முகம் முழுக்க ஆக்சிஜன் முகமூடி, கையில் கொடி. கேள்வி நேரத்தில் வழக்கமான கேள்விகள் வந்தன. குளிருக்கு என்ன சாப்பிட்டீங்க, பயமா இருந்துச்சா, வீட்ல என்ன சொன்னாங்க. அப்புறம் டெஸ்டிங் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"சார், இந்த போட்டோ யாரு எடுத்தாங்க?"

அவர் சிரித்தபடியே, "எங்க ஷெர்பாதான்மா" என்றார். "நெக்ஸ்ட் க்வெஸ்டின்?"

வெளியே வரும்போது பக்கத்தில் வந்த நண்பன் கேட்டான். "எப்படி மச்சான் இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விதான் மண்டைக்குள்ளயே ஓடுது."

"அவ டெஸ்டர்டா. எங்க உடையும்னு பாத்துதான் கேப்பா."

அவன் கிண்டலாகச் சொன்னான். என்னைக் கேட்டால் அதைவிடச் சரியான விமர்சன வாக்கியத்தை அன்று யாரும் சொல்லவில்லை. படம் எடுத்தவரும் அதே உயரத்தில், அதே காற்றில், அதே நொடியில் நின்றிருக்கிறார். பெரும்பாலும் கூடுதல் சுமையோடு. அவர் பெயர் அந்த மாலையில் ஒரு சாதிப் பெயராக, அல்லது வேலைப் பெயராகச் சுருங்கிவிட்டது. மேடையேறாத பாதியின் பெயர் அது.

இதன் நேர் எதிர்ப்படம் ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. 1953 மே 29இல் எவரெஸ்ட் உச்சியில் நிற்கும் மனிதராக நாம் பார்ப்பது டென்சிங் நார்கேயை. எடுத்தவர் ஹிலாரி. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற உச்சிப் படத்தில் வெள்ளைக்காரர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். ஆனால் அவரை யாரும் மறந்துவிடவில்லை. அதனால் படத்தில் இருப்பதும் இல்லாததும் மட்டும் பிரச்சினை இல்லை. பிறகு யாருக்கு மைக் போகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

4

மேடை ஒரு இடத்தின்மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1924ஐ விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆண்டு எவரெஸ்ட் பயணத்தின் திரைப்பட, புகைப்பட உரிமைகளை ஜான் நோயல் 8000 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். பயணச் செலவில் பெரும்பங்கு அந்தப் பணத்தில் நடந்தது. ஜூன் 8இல் மலோரியும் இர்வினும் உச்சிக்கு அருகே மேகத்துக்குள் மறைந்தார்கள், திரும்பவில்லை. நோயலின் படத்துக்கு உச்சிக்காட்சி இல்லாமல் போயிற்று. மேடையின் ஒரே விதி உடைந்துவிட்டது. ஆனால் அரங்கு முன்பே விலைபோயிருக்கிறதே, என்ன செய்வது?

நோயல் கியாங்ட்சேயிலிருந்து சில திபெத்திய லாமாக்களை லண்டனுக்கு அழைத்து வந்தார். 1924 டிசம்பரில் நியூ ஸ்காலா தியேட்டரில் படம் தொடங்கும் முன் அவர்கள் மேடையில் இசைத்தார்கள், ஆடினார்கள். சடங்கு, நிகழ்ச்சிநிரலின் முதல் அயிட்டமானது. படத்தில் திபெத்தியர்களைக் காட்டிய விதமும், குறிப்பாக ஒருவர் பேன் எடுத்துத் தின்பதுபோன்ற காட்சியும் லாசாவைக் கோபப்படுத்தின. தலாய் லாமாவின் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த எவரெஸ்ட் பயணத்துக்கு அனுமதி கிடைக்க 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். குழுவில் ஒருவர் அனுமதியில்லாத பகுதியில் நில அளவை செய்தது, திபெத்தின் உள் அரசியல், இரண்டும் சேர்ந்தன. ஆனால் பேச்சின் பொருளாக இருந்த இடம் எழுந்து நின்று 'போதும், நிறுத்துங்க' என்று சொன்ன அபூர்வமான தருணம் அது. அரங்குகளில் இப்படி நடப்பதே இல்லை. மலை பதில் பேசாது என்ற தைரியத்தில்தானே நாம் மலையைப் பற்றிப் பேசுகிறோம்.

இதற்காக நோயலின் படத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2013இல் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் எறும்பு வரிசை மாதிரி மனிதர்கள் நகரும் காட்சிகளுக்கு ஈடாக அந்தக் காலத்தில் வேறொன்று இல்லை. அழகுதான். அந்த வரிசையில் பெரும்பாலோர் சுமைதூக்கிகள் என்பதும் உண்மை.

அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் யார் என்று கேட்டால் எல்லாரும் இரண்டு பெயர் சொல்வோம். மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது. இர்வினுடையது என்று கருதப்படும் காலின் எச்சம் 2024இல் கிடைத்தது. இரண்டும் உலகச் செய்தி. அதே 1924இல், அதே பயணத்தில், கூர்க்கா வீரரான ஷம்ஷேர்புன்னும் குழுவின் காலணி தைப்பவரான மன் பகதூரும் இறந்தார்கள். மன் பகதூரின் கால்கள் பனியில் கருகிப்போயிருந்தன. மற்றவர்களின் கால்களுக்குக் காலணி தைத்த மனிதர். நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று நானே சொல்லியிருப்பேன்.

5

மலோரியைப் பற்றிய எல்லாப் பேச்சுகளும் கடைசியில் ஒரு கேமராவில் வந்து முடியும். அவர் கையில் ஒரு சிறிய கோடாக் இருந்தது. அது கிடைத்தால், உள்ளே இருக்கும் ஃபிலிமைக் கழுவ முடிந்தால், அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பது தெரிந்துவிடலாம். நூறு வருடமாக மேடை அந்தக் கடைசி ஸ்லைடுக்காகக் காத்திருக்கிறது.

அந்தக் கேமராவைக் கொடுத்தவர் ஹோவர்ட் சோமர்வெல். குழுவில் இருந்த மருத்துவர். சில நாட்களுக்கு முன் தானே 8500 மீட்டர் உயரம்வரை ஏறி மூச்சு முட்டித் திரும்பியவர். அந்தப் பயணத்துக்கு அவர் கிளம்பி வந்தது நெய்யூரிலிருந்து. ஆமாம், இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர்தான்.

1922 பயணத்திலும் அவர் இருந்தார். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் புதைந்து இறந்தார்கள். உடனிருந்த ஆங்கிலேயர் அத்தனை பேரும் பிழைத்தார்கள். தங்களில் ஒருவர்கூட அவர்களோடு சாகவில்லையே என்ற உறுத்தலைப் பிற்காலத்தில் தன் நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தவர் நெய்யூர் மருத்துவமனையில், கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த நோயாளிகளையும் அவர்களுக்கு இருந்த ஒரே அறுவை மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். இருபது வருடங்களுக்கு மேல் வயிற்றுப்புண்ணும் கட்டியும் அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு வேலூர். பனிச்சரிவுதான் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தது என்று நேர்க்கோடு போட நான் விரும்பவில்லை. அவருக்கு மத நம்பிக்கை இருந்தது, மிஷன் வேலை இருந்தது, வேறு காரணங்களும் இருந்திருக்கும். மேடை வடிவத்துக்குள் அடங்காத ஒரு 'பிறகு' அவருக்கு இருந்தது, அதுதான் எனக்கு முக்கியம். உச்சியும் இல்லாத, கடைசி ஸ்லைடும் இல்லாத இருபது சொச்சம் வருடங்கள்.

நெய்யூர் என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அது வில்லுப்பாட்டின் மண். கன்னியாகுமரியிலும் திருநெல்வேலியிலும் கோயில் கொடைகளில் இரவு முழுக்கப் பாடப்படும் கதைகளில் பல, திரும்பி வராதவர்களின் கதைகள். கொல்லப்பட்டு மாடனாக, இசக்கியாக ஆனவர்கள். முத்துப்பட்டன் கதை ஒன்று போதும். சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடுகளைக் காக்கப் போராடிச் செத்த பிராமணனின் கதை. அந்த மேடையில் பாடுபவர் கதாநாயகன் ஆவதே கிடையாது. செத்தவர்தான் நாயகன். எங்கே செத்தார், யார் கையால், ஏன் என்பதெல்லாம் பெயர் பெயராகச் சொல்லப்படும். வில்லின் முன்னால் இருப்பவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் குடமும் உடுக்கையும் வைத்திருப்பவர்கள் 'ஆமா' போட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். ஒற்றைக் குரலில் கதை நகராது.

சாகச உரையையும் வில்லுப்பாட்டையும் எடைபோட்டு ஒன்றை உயர்த்துவது என் நோக்கமில்லை. ஒன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, இன்னொன்று வழிபாடு. ஆனால் மாலைநேரத்தில் ஒன்றுகூடி ஆபத்தின் கதையைக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. அந்தக் கதையின் நடுவில் யாரை வைப்பது என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்றும் இல்லை.

6

'சரிப்பா, ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் போய் நாலு படம் பாத்துட்டு வர்றதுல இவ்வளவு கணக்கா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் இந்த மாலைகள் பிடிக்கும். பட்டகோனியா என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதும் கொஞ்சம் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் கேட்பவர்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போவதில்லை. இந்தக் கதை வடிவத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் சிலர் மலைக்குக் கிளம்புகிறார்கள், பலர் அலுவலகத்துக்குத் திரும்புகிறார்கள். 2014 ஏப்ரல் 18இல் எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் சரிவு ஏற்பட்டு 16 பேர் இறந்தார்கள். எல்லாரும் நேபாளத் தொழிலாளர்கள், மற்றவர்கள் ஏறுவதற்காகச் சுமை கொண்டுபோனவர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். அதன்பின் ஷெர்பாக்கள் அந்த ஆண்டு ஏற மறுத்தார்கள். 1924 பயணத்துக்குப் பிறகு ஓர் அரசு சொன்ன 'போதும்' என்ற சொல்லை, ஏறக்குறைய 90 ஆண்டு கழித்துச் சுமை தூக்குபவர்களே சொன்னார்கள்.

மைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறுகிறது. 2021 ஜனவரி 16இல் கே2 சிகரம் முதன்முறையாகக் குளிர்காலத்தில் ஏறப்பட்டது. ஏறியவர்கள் பத்து நேபாளிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருந்து, பத்துப் பேரும் சேர்ந்தே போய் நின்றார்கள். யார் முதல் ஆள் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள். சாகச உரையின் இலக்கணத்தில் இவ்வளவு சின்ன அசைவில் இவ்வளவு பெரிய திருத்தத்தை வேறு யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

ஒரு நல்ல உரையை எப்படி அடையாளம் காண்பது? பேசுபவரின் அடக்கம் எனக்கு அளவுகோல் இல்லை. அடக்கமும் நன்றாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்றுதான். நான் பார்ப்பது மூன்று விஷயம். காசு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறாரா? கூட வந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறதா, அவர்களுக்கும் பயமும் தப்பான கணிப்பும் கோபமும் இருந்ததாகக் கதையில் வருகிறதா? அவர் போய்ச் சேர்வதற்கு முன்பும் திரும்பிய பின்பும் அந்த இடத்தில் வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு வருகிறதா? மூன்றில் இரண்டு தேறினாலே போதும், டிக்கெட் காசு நஷ்டமில்லை.

தேறவில்லை என்றாலும் எழுந்து வந்துவிடத் தேவையில்லை. கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அது நம்முடையது. 'ஆமா' போடவும் குறுக்கே கேட்கவும் நமக்குக் கிடைக்கும் ஒரே இடம். யார் எடுத்த படம், யார் தூக்கின சுமை, அவர் இப்போ எங்கே இருக்கார் என்று கேளுங்கள். பேசுபவரை மடக்குவதற்காகக் கேட்க வேண்டாம். பாதிப் பேருக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல நிஜமாகவே ஒரு கதை இருக்கும். யாரும் கேட்டதில்லை என்பதால்தான் அது ஸ்லைடுக்குள் வராமல் இருக்கும்.